பழைய சீஸ்மோமீட்டரில் 20 விநாடி அலையைப் பிடிப்பது எப்படி?

எண்ணெய் தேடும் கம்பெனிகள் கழித்துவிட்ட ஜியோபோன் (தரை அதிர்வை மின்னழுத்தமாக மாற்றும் சின்ன உணரி), பல்கலைக்கழகம் ஏலத்தில் தள்ளிய ஒரு விநாடி சீஸ்மோமீட்டர், 1980களில் யாரோ கராஜில் வெல்டிங் வைத்துச் செய்த ஊசல் கருவி. அமெரிக்காவிலும் ஐரோப்பாவிலும் நிலநடுக்கப் பதிவைப் பொழுதுபோக்காக வைத்திருப்பவர்கள் பலர் இந்த மூன்றில் ஒன்றில்தான் ஆரம்பிக்கிறார்கள். பார்த்தால் பழைய இரும்புக்கடைக்குப் போட வேண்டியது என்று தோன்றும். ஆனால் உள்ளே இருக்கும் எடையும் ஸ்பிரிங்கும் காந்தமும் சீக்கிரம் கெட்டுப்போகிற பொருட்கள் அல்ல. காலாவதியானது அவற்றுக்குப் பின்னால் இருந்த பகுதிதான்: கால்வனாமீட்டர் (சின்ன மின்னோட்டத்தை அசைவாகக் காட்டும் கருவி), டிரம்மில் சுற்றிய காகிதம், அந்தக் காலத்து ஆம்ப்ளிஃபயர், அப்புறம் நிமிடத்துக்கு ஒரு கோடு போட்ட கடிகாரம். அதைக் கழற்றிவிட்டு இன்று எளிதில் கிடைக்கும் மின்னணு உறுப்புகளைப் போட்டால், கருவி புதிதாக இருந்தபோது பிடிக்க முடியாத அலைகளைக்கூட இப்போது பிடிக்கும். எப்படி என்பதையும் எதுவரைக்கும் என்பதையும் பார்க்கலாம். கணிதம் அதிகம் வராது, எண்கள் கொஞ்சம் வரும்.

முதலில் ஒரு சின்னப் பரிசோதனை. ஒரு முழ நூலில் சாவிக்கொத்தைக் கட்டித் தொங்கவிட்டு மேல்நுனியைப் பிடித்துக்கொள்ளுங்கள். கையை மிக மெதுவாக இடமும் வலமும் கொண்டுபோனால் சாவிக்கொத்து கூடவே வரும். கையை வேகமாக ஆட்டினால் சாவிக்கொத்து இருந்த இடத்திலேயே நிற்கும், கை மட்டும் ஆடும். இரண்டுக்கும் நடுவில் ஒரு வேகம் இருக்கிறது, ஒன்றேகால் விநாடிக்கு ஒரு முறை என்கிற வாக்கில். அந்த வேகத்தில் கை லேசாக அசைந்தாலே சாவிக்கொத்து கன்னாபின்னாவென்று ஆடும்.

சீஸ்மோமீட்டரின் வேலை முழுவதும் இந்த மூன்று நிலைகளுக்குள் அடங்கிவிடும். கைதான் தரை, சாவிக்கொத்துதான் உள்ளே தொங்கும் எடை. தரை வேகமாக அசையும்போது எடை சும்மா நிற்கிறது, அதனால் எடைக்கும் சட்டத்துக்கும் இடையில் மாறும் தூரத்தை அளந்தால் தரையின் அசைவு அப்படியே கிடைத்துவிடும். தரை மெதுவாக அசைந்தால் எடையும் கூடவே போய்விடும், அளப்பதற்கு ஏறக்குறைய ஒன்றும் மிஞ்சாது. நடுவில் வரும் அந்தக் கன்னாபின்னா வேகம்தான் கருவியின் சொந்த அலைவுக்காலம். அங்கே எடை தன் பாட்டுக்கு ஆடிக்கொண்டே இருக்காமல் இருக்க ஏதாவது ஒரு தடை வேண்டும். அதற்குப் பெயர் டேம்பிங்.

ஆக, ஒரு கருவி எவ்வளவு மெதுவான அலையைப் பிடிக்கும் என்பதை அதன் சொந்த அலைவுக்காலம் முடிவு செய்கிறது. பக்கத்து ஊரில் சின்ன நடுக்கம் வந்தால் விநாடிக்கு ஒன்றிலிருந்து பத்துக்கு மேல்வரை அதிர்வுகள் வரும், அதற்குச் சாதாரண ஜியோபோனே போதும். பல ஆயிரம் கிலோமீட்டர் தாண்டி வரும் பெரிய நிலநடுக்கத்தின் முதல் அலைகள் ஒரு விநாடி வாக்கில் இருக்கும். அதற்கப்புறம் தரையின் மேற்பரப்பு வழியாக உருண்டு வரும் அலைகளுக்கு ஒரு சுற்றுக்கு சுமார் 20 விநாடி ஆகும், தூரத்து நிலநடுக்கத்தின் பதிவில் கண்ணைப் பறிக்கும் பகுதி இவைதான். 2004 டிசம்பர் 26 சுமத்ரா நிலநடுக்கத்தில் பூமியில் எந்த இடமும் ஒரு செ.மீ. அளவுக்காவது அசையாமல் இருக்கவில்லை என்று அளவீடுகள் காட்டின. உலகத்தின் பெரும்பகுதியில் அதை யாரும் உணராததற்குக் காரணம், அசைவு அவ்வளவு மெதுவாக வந்ததுதான்.

சரி, 20 விநாடி அலைவுக்காலம் உள்ள ஒரு ஊசலைச் செய்துவிட்டால் தீர்ந்ததே என்று தோன்றும். ஒரு மீட்டர் நூலில் தொங்கும் ஊசலுக்கு அலைவுக்காலம் 2 விநாடி. 20 விநாடி வேண்டுமென்றால் நூலின் நீளம் 100 மீட்டர். செங்குத்து அசைவை அளக்க எடையைச் சாதாரண ஸ்பிரிங்கில் தொங்கவிட்டாலும் இதே கதைதான், எடை ஏறியதும் ஸ்பிரிங் 100 மீட்டர் நீள வேண்டும்.

இந்தச் சிக்கலுக்கு இயந்திர வழியில் இரண்டு அழகான தீர்வுகள் உண்டு. ஒன்று கிடைமட்ட ஊசல். ஒரு வாயில்கதவின் கீல் அச்சு சரியாகச் செங்குத்தாக இருந்தால் கதவு எந்த இடத்திலும் நிற்கும். அச்சு ஒரு நூலிழை சாய்ந்திருந்தால் மெதுவாக ஆடி ஓரிடத்துக்கு வந்து சேரும். அதே மாதிரி 50 செ.மீ. நீளக் கையின் நுனியில் எடையை வைத்து, அச்சைச் சுமார் 0.3 டிகிரி சாய்த்தால் 20 விநாடி கிடைத்துவிடும். 1979இல் சயின்டிஃபிக் அமெரிக்கன் இதழின் அமெச்சூர் பகுதியில் வந்த லேமன் கருவி இந்த வகை, உலகம் முழுக்க வீட்டில் செய்யப்பட்ட சீஸ்மோமீட்டர்களில் பெரும்பங்கு அதன் வழித்தோன்றல்கள். இன்னொன்று, செங்குத்துக் கருவிக்காக 1930களில் லகாஸ்ட் கண்டுபிடித்த பூஜ்ய நீள ஸ்பிரிங். இழுவிசை அதன் மொத்த நீளத்துக்கு நேர்விகிதமாக இருக்கும்படி முன்கூட்டியே இறுக்கிச் சுற்றிய ஸ்பிரிங் அது. அதைச் சரியான கோணத்தில் மாட்டினால் கைக்கடக்கமான கருவியிலேயே நீண்ட அலைவுக்காலம் வந்துவிடும்.

இயந்திரத்தை மட்டும் நம்பியவர்கள் எவ்வளவு தூரம் போனார்கள் என்பதற்கு ஜெர்மனியின் கோட்டிங்கனைப் பார்க்க வேண்டும். நிலநடுக்க ஆய்வாளர் வீஷர்ட் அங்கே 17 டன் எடையுள்ள ஊசலைத் தொங்கவிட்டார். பதிவு புகை படிந்த காகிதத்தில் ஊசிமுனை கீறுவதால் வந்தது, அந்த முனையின் உராய்வு ஒன்றுமே இல்லை என்கிற அளவுக்கு எடை பெரிதாக இருக்க வேண்டியிருந்தது. ரஷ்யாவில் காலிட்சின் 1906இல் எடையோடு ஒரு காயிலைக் கட்டி, அதைக் காந்தத்துக்கு நடுவில் ஆடவிட்டார். உராய்வு போயிற்று, கையால் தூக்கக்கூடிய எடையே போதும் என்றாயிற்று. நாம் பேசும் பழைய கருவிகளில் பெரும்பாலானவை இந்தக் காயில் குடும்பம்தான். 1960களில் அணுகுண்டுச் சோதனைகளைக் கண்காணிப்பதற்காக அமெரிக்கா உலகம் முழுவதும் ஒரே மாதிரிக் கருவிகளை நிறுவியபோதும் அடிப்படை இதுவே: ஒரு விநாடி கருவி ஒரு தொகுதி, 15 அல்லது 30 விநாடிக்குச் சரிசெய்த நீள் அலைக் கருவி இன்னொரு தொகுதி, இரண்டும் ஒளிப்புள்ளியால் புகைப்படத் தாளில் எழுதின. கொடைக்கானலும் அந்த வலையமைப்பில் ஒரு நிலையம். அங்கே அதற்கு வெகு முன்பே, 1899இல், ஆங்கிலேய நிலநடுக்க ஆய்வாளர் மில்னின் கிடைமட்ட ஊசல் வைக்கப்பட்டிருந்தது.

காயிலின் பலவீனம்

காந்தத்துக்குள் ஆடும் காயில் வேகத்துக்குத்தான் மின்னழுத்தம் கொடுக்கும், இடப்பெயர்ச்சிக்கு அல்ல. எவ்வளவு தூரம் நகர்ந்தாலும் மெதுவாக நகர்ந்தால் கிடைப்பது கொஞ்சம்தான். சொந்த அலைவுக்காலத்தைத் தாண்டிப் போனால் எடையும் தரையோடு சேர்ந்து போக ஆரம்பித்துவிடுவதால் இழப்பு இன்னும் கூடுகிறது: அதிர்வெண் பாதியானால் வெளியீடு, தரையின் வேகம் அதேதான் என்றாலும், கால்வாசி ஆகிவிடும். அதுவும் பாதியானால் பதினாறில் ஒரு பங்கு.

இதை எண்ணில் பார்த்தால் விஷயம் புரியும். பூமியின் வட்டத்தில் 60 டிகிரி தூரத்தில், அதாவது ஆறாயிரத்துச் சொச்சம் கிலோமீட்டரில், மேற்பரப்பு அலை அளவீட்டில் 6 என்று வரும் ஒரு நிலநடுக்கம் என்று வைத்துக்கொள்வோம். நம் இடத்தில் 20 விநாடி அலை தரையைச் சுமார் 11 மைக்ரோமீட்டர் நகர்த்தும், உச்ச வேகம் விநாடிக்கு 3.5 மைக்ரோமீட்டர். சந்தையில் சகஜமாகக் கிடைக்கும் 4.5 ஹெர்ட்ஸ் ஜியோபோன் விநாடிக்கு ஒரு மீட்டர் வேகத்துக்கு 28.8 வோல்ட் தரும். இழப்பு இல்லாதிருந்தால் 100 மைக்ரோவோல்ட் வந்திருக்க வேண்டும். ஆனால் 20 விநாடி அலையின் அதிர்வெண்ணான 0.05 ஹெர்ட்ஸ் என்பது 4.5 ஹெர்ட்ஸில் 90இல் ஒரு பங்கு, அதன் வர்க்கம் 8,100. மிஞ்சுவது 12 நானோவோல்ட்.

பழைய ஒரு ஹெர்ட்ஸ் (அதாவது ஒரு விநாடி) கருவி, உதாரணமாக மார்க் புராடக்ட்ஸ் செய்த எல்-4சி, ஒரு கிலோ எடையும் 276 வோல்ட் உணர்திறனும் கொண்டது. அதில் இழப்பு 400 மடங்குதான். அதே அலைக்கு 2.4 மைக்ரோவோல்ட் வரும், அதாவது ஜியோபோனைவிட இருநூறு மடங்கு. இதனால்தான் இப்படி ஒரு கருவி கைக்குக் கிடைத்தால் விடக்கூடாது என்கிறேன். எவ்வளவு திறமையான சர்க்யூட் போட்டாலும் சின்ன ஜியோபோன் இந்த இடைவெளியை முழுதாகத் தாண்டாது.

மின்னணுவியலால் ஆகக்கூடியது எல்லாம் இந்த இழப்பைத் திரும்பக் கூட்டிக் கொடுப்பது, அல்லது இழப்பே வராத வேறு வழியில் அளப்பது. சர்க்யூட்டின் சொந்த இரைச்சலுக்குக் கீழே போய்விட்ட சிக்னலைப் பெரிதாக்கினால் இரைச்சலும் சேர்ந்து பெரிதாகும், அவ்வளவுதான். இதை மனதில் வைத்துக்கொண்டு படித்தால் கீழே வரும் ஒவ்வொரு படியும் ஏன் என்று தெரியும்.

ஆம்ப்ளிஃபயரும் டிஜிட்டல் மாற்றியும்

1979இல் அமெச்சூர்கள் கையில் இருந்த ஆப்-ஆம்ப் (சிக்னலைப் பெருக்கும் சிப்) 741 போன்றவை. அவற்றின் இரைச்சல் அதிர்வெண் குறையக் குறைய ஏறிக்கொண்டே போகும், 0.05 ஹெர்ட்ஸில் 12 நானோவோல்ட்டை அதற்குள் தேடுவதில் பயன் இல்லை. இன்று சாப்பர் வகை ஆப்-ஆம்ப் மலிவாகக் கிடைக்கிறது. உள்ளேயே உள்ளீட்டை வேகமாக மாற்றி மாற்றித் திருப்பித் தன் பிழையைத் தானே அழித்துக்கொள்வதால், தாழ் அதிர்வெண்ணில் இரைச்சல் ஏறாமல் மட்டமாக இருக்கும். மேற்பரப்பு அலைகள் இருக்கும் குறுகிய பட்டையில் நல்ல சாப்பரின் இரைச்சல் இரண்டு நானோவோல்ட் அளவுக்கு இறங்கும். ஆக 4.5 ஹெர்ட்ஸ் ஜியோபோனிலும் அந்த அலை, தரை அமைதியாக இருந்தால், மங்கலாகத் தெரிய வாய்ப்பு உண்டு.

ஆனால் காயிலின் எதிர்ப்பையும் பாருங்கள். எந்த ரெசிஸ்டரும் வெப்பத்தால் தானே இரைச்சல் உண்டாக்கும். ஜியோபோனின் 375 ஓம் காயிலுக்கு அது மிகக் குறைவு. எல்-4சியின் 5,500 ஓம் காயிலுக்கு அது நல்ல ஆப்-ஆம்பின் இரைச்சலையே மிஞ்சிவிடும், எனவே அங்கே விலை உயர்ந்த சிப் வாங்குவது வீண்செலவு. பெரிய எதிர்ப்புள்ள காயிலுக்கு மின்னழுத்த இரைச்சலைவிட மின்னோட்ட இரைச்சல் குறைந்த சிப்தான் முக்கியம். டேட்டாஷீட்டில் இரண்டும் இருக்கும், பலர் முதலாவதை மட்டும் பார்த்து வாங்கிவிடுகிறார்கள்.

இந்த அளவில் சால்டர் வைத்த இடங்களும் பேச ஆரம்பிக்கும். இரண்டு வேறு உலோகங்கள் சேரும் இடத்தில் வெப்பநிலை மாறினால் டிகிரிக்கு ஓரிரு மைக்ரோவோல்ட் வரும், நாம் தேடுவதோ நானோவோல்ட். ஃபேன் காற்று போர்டின்மேல் பட்டாலே கோடு அலைபாயும். உள்ளீட்டுப் பகுதியை ஒரு சின்ன டப்பாவால் மூடினாலே பாதிப் பிரச்சினை தீரும்.

டிஜிட்டல் மாற்றிக்கு 24 பிட் வாங்குங்கள், இப்போது விலை பெரிய விஷயமே இல்லை. 12 பிட் என்றால் மொத்தம் 4,096 படிகள். சின்ன அலை தெரிய வேண்டுமென்று பெருக்கத்தை ஏற்றினால் பக்கத்து நடுக்கம் வரும்போது உச்சியில் முட்டி வெட்டுப்படும். 24 பிட்டில் ஒரு கோடியே அறுபத்தேழு லட்சம் படிகள். கடைசி மூன்று நான்கு பிட்கள் வெறும் இரைச்சல் என்றாலும் மிச்சமே தாராளம். மாற்றிக்கு முன்னால் ஒரு தாழ் அதிர்வெண் வடிகட்டி அவசியம், இல்லாவிட்டால் வீட்டு மின்சாரத்தின் 50 ஹெர்ட்ஸ் (அமெரிக்காவில் 60) ஏதாவது ஒரு பொய் அதிர்வெண்ணாக வேடம் போட்டு உள்ளே வரும். நேரத்துக்கு ஜிபிஎஸ் பெறுவியின் விநாடித் துடிப்பை எடுத்துக்கொள்ளுங்கள். பாறையில் முதல் அலை விநாடிக்கு ஆறு கிலோமீட்டர் வாக்கில் ஓடுவதால், கடிகாரம் ஒரு விநாடி தவறினால் மையப்புள்ளி அந்த அளவுக்குத் தள்ளிப் போகும்.

டேம்பிங்கைச் சரிசெய்வது

பழைய லேமன் கருவிகளில் கையின் நுனியில் ஒரு தகடு எண்ணெயில் மூழ்கியிருக்கும். எண்ணெய் குளிரில் கெட்டியாகும், வெயிலில் இளகும், தூசியும் பூச்சியும் விழும். அதை எடுத்துவிட்டு அலுமினியம் அல்லது செம்புத் தகட்டை இரண்டு நியோடிமியம் காந்தங்களுக்கு நடுவில் ஆடவிட்டால், தகட்டுக்குள் ஓடும் சுழல் மின்னோட்டமே தடையாக வேலை செய்யும். காந்தத்தை நகர்த்தி அளவைக் கூட்டலாம் குறைக்கலாம். என்னைக் கேட்டால் பழைய கருவியில் முதல் வேலையாகச் செய்ய வேண்டியது இதுதான், மின்னணுவியல் கூட அப்புறம்தான்.

காயில் கருவிகளில் காயிலுக்குக் குறுக்கே ஒரு ரெசிஸ்டரைப் போட்டாலே போதும். எடை ஆடும்போது மின்னோட்டம் ஓடி அதுவே ஆட்டத்தை எதிர்க்கும். ரெசிஸ்டர் சிறிதாக ஆக டேம்பிங் கூடும், கூடவே சிக்னலும் கொஞ்சம் குறையும். சரியான அளவா என்று பார்க்க ஒரு எளிய சோதனை: எடையை லேசாகத் தள்ளி வைத்து (சில கருவிகளில் இதற்கென்றே தனிக் காயில் இருக்கும், பேட்டரியோடு பெரிய ரெசிஸ்டரைத் தொடரில் சேர்த்து அதில் மின்னோட்டம் விடலாம்), பிறகு சட்டென்று விடுவித்துப் பதிவைப் பாருங்கள். முதல் ஏற்றத்துக்கும் அடுத்து எதிர்ப்பக்கம் வரும் இறக்கத்துக்கும் விகிதம் 23க்கு 1 வாக்கில் இருந்தால் டேம்பிங் 0.7 என்று அர்த்தம், அதுதான் வழக்கமாக வைக்கும் அளவு. எதிர்ப்பக்கம் பெரிதாக அடித்துக்கொண்டே போனால் ரெசிஸ்டரைக் குறையுங்கள்.

அலைவுக்காலத்தை நீட்டுவது

இழப்பு எப்படி வருகிறது என்று துல்லியமாகத் தெரிந்திருப்பதால் அதற்கு நேர் எதிரான வடிகட்டியைப் போடலாம்: பாதி அதிர்வெண்ணில் நான்கு மடங்கு, கால் அதிர்வெண்ணில் பதினாறு மடங்கு என்று தூக்கிக் கொடுக்கும் வடிகட்டி. சர்க்யூட்டிலும் செய்யலாம், பதிவான பிறகு கணினியிலும் செய்யலாம். நான் கணினிப் பக்கம்தான் நிற்பேன், ஏனென்றால் மூலப் பதிவு கெடாமல் இருக்கும், அளவு பிடிக்கவில்லையென்றால் மாற்றிப் பார்க்கலாம். எங்காவது ஒரு இடத்தில் தூக்குவதை நிறுத்தியே ஆக வேண்டும் என்பதை மறக்க வேண்டாம். 4.5 ஹெர்ட்ஸ் ஜியோபோனை 0.5 ஹெர்ட்ஸ்வரை கொண்டுவந்தால் 81 மடங்கு, அது சுகமாக முடியும். 20 விநாடிவரை என்றால் 8,100 மடங்கு, வெப்பநிலை ஊசலாட்டமும் சேர்ந்து எழுந்து திரை முழுக்க மலையும் பள்ளமுமாக நிற்கும். 2016இல் பனாமாவிலிருந்து வந்த ராஸ்பெர்ரி ஷேக் கருவியிலும் இருப்பது இப்படி மின்னணு முறையில் நீட்டப்பட்ட 4.5 ஹெர்ட்ஸ் ஜியோபோன்தான். பக்கத்து நடுக்கங்களுக்கு அது அருமையானது.

இன்னொரு தந்திரம், காயிலை ஏறக்குறைய ஷார்ட் செய்துவிடுவது. அதாவது உள்ளீட்டு எதிர்ப்பே இல்லாத ஆம்ப்ளிஃபயரில் கொடுத்து மின்னோட்டத்தை அளப்பது. டேம்பிங் எக்கச்சக்கமாக ஏறி, 4.5 ஹெர்ட்ஸ் என்ற ஒரே மூலை (வெளியீட்டின் போக்கு மாறும் அதிர்வெண்) இரண்டாகப் பிரிந்து ஒன்று 0.5 ஹெர்ட்ஸ் பக்கமும் மற்றது 40 ஹெர்ட்ஸ் பக்கமும் போய்விடும். நடுவில் வெளியீடு தரையின் முடுக்கத்துக்கு நேர்விகிதமாக இருக்கும். இன்னும் வேண்டுமென்றால் ஆம்ப்ளிஃபயருக்கு எதிர்மறை உள்ளீட்டு எதிர்ப்பைக் கொடுத்துக் காயிலின் சொந்த எதிர்ப்பிலேயே ஒரு பகுதியைத் தள்ளுபடி செய்யலாம். முழுவதையும் தள்ளுபடி செய்யப் பார்த்தால் வம்பு. செம்பின் எதிர்ப்பு டிகிரிக்கு 0.39 விழுக்காடு மாறும், இரவு குளிர்ந்து காயிலின் எதிர்ப்பு நீங்கள் தள்ளுபடி செய்த அளவுக்குக் கீழே இறங்கினால் சர்க்யூட் நிலைகுலைந்து ஒரு பக்கமாகப் போய் ஒட்டிக்கொள்ளும்.

எடையை அசையவே விடாமல் அளப்பது

இதுதான் பெரிய தாவல். முன்னே சொன்ன 11 மைக்ரோமீட்டர் அலையில், ஒரு ஹெர்ட்ஸ் கருவியின் எடை சட்டத்தைப் பொறுத்து 400இல் ஒரு பங்கு நகரும், அதாவது 27 நானோமீட்டர். காயில் இதை 20 விநாடிக்கு ஒரு சுற்றாக மெதுவாகக் கடந்து போவதால் மின்னழுத்தம் அதிகம் வருவதில்லை. ஆனால் வேகத்தை விட்டுவிட்டு இடத்தை நேரடியாக அளந்தால் மெதுவாக இருப்பது ஒரு குறையே அல்ல. இரண்டு தகடுகளை நிலையாக வைத்து நடுவில் எடையோடு சேர்ந்த மூன்றாவது தகட்டை, இரு பக்கமும் அரை மி.மீ. இடைவெளியோடு, நிறுத்துங்கள். வெளித்தகடுகளுக்குப் பல்லாயிரம் ஹெர்ட்ஸ் சிக்னலை எதிரெதிர்த் திசையில் கொடுத்தால், நடுத்தகடு சரியாக மத்தியில் இருக்கும்வரை அதில் பூஜ்யம், ஒரு பக்கம் ஒதுங்கினால் அதற்கேற்ற சிக்னல். 27 நானோமீட்டர் என்பது அந்த இடைவெளியில் சுமார் 18,000இல் ஒரு பங்கு, கெப்பாசிட்டர் முறை அதைச் சிரமமில்லாமல் பார்க்கும். பித்தளைத் தகடு, சில ஆப்-ஆம்ப், ஓர் அனலாக் சுவிட்ச் இருந்தால் வீட்டிலேயே செய்யக்கூடியதுதான்.

அந்தச் சிக்னலை அப்படியே பதிவு செய்வதோடு நிறுத்தாமல், அதைக் கொண்டு ஒரு காயிலில் மின்னோட்டம் விட்டு எடையை மத்திக்கே தள்ளுங்கள். தரை எவ்வளவு அசைந்தாலும் எடை சட்டத்தைவிட்டு நகராது, ஏனெனில் நகர எத்தனித்த அக்கணமே காயில் பிடித்துக்கொள்ளும். பிடித்து வைக்கத் தேவைப்பட்ட மின்னோட்டம்தான் இப்போது நமக்கு அளவு. எடை நகராததால் ஸ்பிரிங்கின் கோணல்களும் கீலின் குறைகளும் பெரும்பாலும் வெளியீட்டில் வராது. அலைவுக்காலம் இனி ஸ்பிரிங்கைச் சார்ந்தது அல்ல, ஃபீட்பேக்கில், அதாவது எடையை மத்திக்குத் திருப்பித் தள்ளும் இந்தச் சுற்றில், நீங்கள் போடும் கெப்பாசிட்டரும் ரெசிஸ்டரும் சொல்வதுதான். 1982இல் வீலாண்டும் ஸ்ட்ரெக்கைசனும் தங்கள் இலைஸ்பிரிங் கருவியை விளக்கியபோது இந்த வழிதான் தொழில்முறை உலகத்தின் வழக்கம் ஆயிற்று. அவர்களுடைய எஸ்டிஎஸ்-1 கருவி 360 விநாடிவரை உணர்திறன் குறையாமல் பதிவு செய்யும், எஸ்டிஎஸ்-2 120 விநாடிவரை. அமெச்சூர்கள் அதே கொள்கையில் 30, 60 விநாடிகளைத் தொட்டிருக்கிறார்கள்.

கஷ்டமும் இங்கேதான். கையும் சட்டமும் தங்களுக்கென்று சில பத்து ஹெர்ட்ஸில் அதிரும், அந்த அதிர்வை ஃபீட்பேக் தூண்டிவிட்டால் கருவி ஊளையிடத் தொடங்கும். கையைக் குட்டையாக, விறைப்பாகச் செய்வது, காயிலையும் தகடுகளையும் எடைக்கு நெருக்கமாக வைப்பது, சுற்றின் பெருக்கத்தைக் கொஞ்சம் கொஞ்சமாக ஏற்றுவது ஆகியவைதான் மருந்து. பழைய கூர்முனைக் கீலை எடுத்துவிட்டு மெல்லிய ஸ்டீல் பட்டைகளை ஒன்றுக்கொன்று குறுக்காக வைத்த வளைகீல் போட்டால் உராய்வால் வரும் சின்னச் சின்னத் தாவல்களும் போகும்.

சர்க்யூட்டால் தீராதவை

தரை சாய்வதையும் தரை பக்கவாட்டில் முடுக்கப்படுவதையும் கிடைமட்டக் கருவியால் பிரித்தறிய முடியாது. இது எந்த மின்னணுவியலாலும் தீராது, இயற்பியல் அப்படி. ஒரு கிலோமீட்டர் நீளக் கம்பியின் ஒரு முனையை ஒரு மி.மீ. தூக்கினால் வரும் சாய்வு, நம் 20 விநாடி அலையின் முடுக்கத்தைவிட ஒன்பது மடங்கு பெரிய சிக்னலைக் கொடுக்கும். நீங்கள் கருவிக்குப் பக்கத்தில் நடந்தால் உங்கள் உடல் எடையால் தரை வளைவதே கோட்டில் தெரியும். எனவே மாடி வீடு கூடாது, தரைத்தளத்தில் மண்ணோடு ஒட்டிய காங்கிரீட் மேல் வையுங்கள், முடிந்தால் ஆள் புழங்காத மூலையில்.

செங்குத்துக் கருவிக்கு எதிரி வெப்பம். சாதாரண ஸ்பிரிங் ஸ்டீலின் விறைப்பு டிகிரிக்கு 0.02 முதல் 0.03 விழுக்காடு குறையும். கேட்க ஒன்றுமில்லாதது போலிருக்கும், ஆனால் அந்த ஸ்பிரிங் சுமப்பது புவியீர்ப்பின் முழு எடையை. ஒரு டிகிரி மாற்றம் நாம் தேடும் அலையைவிட ஆயிரக்கணக்கான மடங்கு பெரிய தள்ளல். நல்லவேளையாக அது மெதுவாக வரும், வடிகட்டி ஒதுக்கிவிடும், ஆனால் வேகமான மாற்றம் வரக்கூடாது. இரண்டு மூன்று அடுக்கு தெர்மாகோல் பெட்டி போதும். பெட்டிக்குள் மேல்பக்கம் ஒரு சின்ன ரெசிஸ்டரைச் சூடேற்றி வைப்பார்கள், வெப்பக்காற்று மேலேயே தங்கிவிடுவதால் உள்ளே சுழற்சி நிற்கும். காற்றழுத்தம் மாறும்போது எடையின் மிதப்புவிசையும் மாறும் என்பதால் பெட்டி காற்றுப்புகாமல் இருந்தால் இன்னும் நல்லது. சிலந்தியும் புகாது.

எல்லாம் சரியாக இருக்கிறதா என்று தெரிந்துகொள்ள நிலநடுக்கத்துக்காகக் காத்திருக்க வேண்டாம். கடல் அலைகள் ஒன்றோடொன்று எதிரெதிராக மோதும் இடங்களில் கடலடித்தரை தட்டப்பட்டு, 4 முதல் 8 விநாடிக்கு ஒரு சுற்று என்கிற வாக்கில் பூமி முழுவதும் ஓயாமல் ஒரு மெல்லிய நடுக்கம் ஓடிக்கொண்டே இருக்கிறது. மைக்ரோசீசம் என்று பெயர். அமைதியான நேரத்தில் தரையின் அசைவு ஒரு மைக்ரோமீட்டர் வாக்கில் இருக்கும், கடலில் புயல் இருந்தால் கூடும். ஒரு ஹெர்ட்ஸ் கருவியில் இது சில மைக்ரோவோல்ட்டாக வரும், 4.5 ஹெர்ட்ஸ் ஜியோபோனில் சுமார் 40 நானோவோல்ட்டாக. இரவில் ஆள் நடமாட்டம் அடங்கிய பிறகு ஒரு மணி நேரப் பதிவை எடுத்து அதிர்வெண் பகுப்பாய்வு செய்து பாருங்கள், 0.15 ஹெர்ட்ஸ் பக்கத்தில் ஒரு மேடு எழ வேண்டும். பிறகு எடையை நகராமல் கட்டிவிட்டு, அல்லது காயிலுக்குப் பதில் அதே அளவு ரெசிஸ்டரை வைத்து, இன்னொரு ஒரு மணி நேரம் எடுங்கள். அந்த மேடு காணாமல் போனால் நீங்கள் பார்த்தது தரை. போகாமல் நின்றால் அது ஆம்ப்ளிஃபயரின் இரைச்சல். ஃபீட்பேக் சர்க்யூட்டை வாங்குவதற்கு முன் முதலில் அதைக் கவனியுங்கள்.